கரண்டை வெட்ட வந்தவனும் பெத்தம்மாளும்

பெத்தம்மாளை யாராவது "பாவம், ஒண்ணும் தெரியாத தோட்டத்துப் பொம்பளை" என்றால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். புக்கிட் ரம்பாயில் எனக்கு அடுத்த வீடு. பெம்பான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருபது வருடம் பால் மரம் வெட்டியவள். புருஷன் போனபின் மகள் ஷாந்தினியோடு இங்கே வந்து, கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே இனிப்புநீர். தினமும் ஊசி. மருந்து கெடாமல் இருக்கத்தான் அந்த வீட்டில் ஃபிரிட்ஜே வந்தது.

தொண்ணூற்றாறில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், நீலச் சட்டையும் கழுத்தில் அட்டையுமாக ஒருவன் மோட்டாரில் வந்து இறங்கினான். லெட்ரிக் பாக்கியாம். இப்போதே கையில் கட்டாவிட்டால் கரண்டை வெட்டிவிடுவானாம். அவன் நீட்டிய பில்லும் அசல் போலவே இருந்தது, அதே நிறம், அதே முத்திரை. கடைசி வீட்டுப் பிச்சைமுத்து அண்ணன் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். அவரைச் சொல்லி என்ன? தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி 'பாக்கி' என்று எழுதியதைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், ஏன் என்று கேட்டவர் கிடையாது. நானும் பணத்தோடுதான் வாசலுக்கு வந்தேன்.

பெத்தம்மாள் பில்லை வாங்கிப் பார்த்தாள்.

"சரி தம்பி, திங்கக்கெழம லெட்ரிக் ஆபீஸ் கவுண்டர்ல கட்டிக்கிறேன்."

"அதெல்லாம் முடியாதுலா அக்கா. ஆர்டர் வந்திருச்சு. இப்பவே வெட்டணும்."

"அப்ப வெட்டு."

அவன் விழித்தான். "ஃபிரிட்ஜுல உள்ளதெல்லாம் கெட்டுப் போயிரும்க்கா. யோசிச்சுக்குங்க."

"செத்த இரு" என்று உள்ளே போனாள். பணம் எடுக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். ஃபிளாஸ்க் நிறைய ஐஸ்கட்டி போட்டு, நடுவே மகளின் மருந்தை வைத்துக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். "ஜானகி, பத்திரம்டி."

பிறகு கொல்லையிலிருந்து ஏணியைத் தரதரவென்று இழுத்துவந்து மீட்டருக்குக் கீழே சாத்தினாள். "ஏறு தம்பி. நான் புடிச்சுக்கிறேன். விழுந்து தொலைக்காத."

அடேயப்பா! எங்கள் வீட்டு வரிசை முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. அவன் ஏணியைப் பார்த்தான், மீட்டரைப் பார்த்தான். வெட்ட வந்தவனிடம் ஒரு ஸ்க்ரூடிரைவர்கூட இல்லை. "ஆபீஸ்ல கேட்டுட்டு வரேன்" என்று முனகி மோட்டாரை உதைத்தான். போனவன் போனவன்தான். பிச்சைமுத்து அண்ணன் வெறுங்காலோடு தெருமுனை வரைக்கும் துரத்தினார், பாவம், பணம் போனதுதான் மிச்சம்.

நான் கிட்டே போய்க் கேட்டேன். "எப்படிடி கண்டுபிடிச்ச, அவன் கள்ளன்னு?"

"கள்ளனா?" ஏணியை விடாமல் என்னைப் பார்த்தாள். "நெசமான ஆளுன்னுதாண்டி நான் நெனச்சேன். கிராணி எழுதினதுக்கெல்லாம் இருபது வருஷம் தலையாட்டியாச்சு. இனி கவுண்டர் தவிர வேற எந்தக் கையிலயும் காசு குடுக்கறதில்ல. இருட்டுல கெடந்தா கெடக்கேன், போ."

வெட்டத்தான் போகிறான் என்று நம்பிக்கொண்டா அந்த ஏணியைப் பிடித்தாள்! ஃபிளாஸ்கை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஏணியை நானே கொல்லைக்குத் தூக்கிப் போனேன்.