டிகிரி அக்காவின் கண்

மகனின் பள்ளியில் தலைமையாசிரியை மதிப்பெண்களைப் பற்றி வருந்திக்கொண்டிருக்கையில், டிகிரி அக்கா கைப்பையிலிருந்து கோணமானியை எடுத்து அவர் மேசைமீது வைக்கிறார். "உங்க மேசை ஒன்றரை டிகிரி சாஞ்சிருக்கு டீச்சர். அதான் பேனா உருளுது." பேனாவைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை. மகன் மட்டும் கூரையைப் பார்க்கிறான்.

அடியில் காந்தம் வைத்த, சாய்வு அளக்கும் உள்ளங்கை அளவுக் கருவி அது. கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, அது இருக்கும். கல்யாண வீட்டு நாற்காலி, ஆஸ்பத்திரிக் கட்டில், மாமியார் வாங்கிய புது அலமாரி எதுவும் அதற்குத் தப்பியதில்லை. மாமியார் இன்றுவரை அந்த அலமாரியைப் பற்றி மருமகளிடம் பேசுவதில்லை.

காடு மேடெல்லாம் ஏறி இறங்குவதற்காக ஜீப்புகளை உயர்த்தித் தருவது அக்காவின் தொழில். அப்படி உயர்ந்த ஜீப்புகளில் பாதி, சூப்பர் மார்க்கெட் வாசலைத் தாண்டி எந்தக் காட்டையும் பார்த்ததில்லை என்பது வேறு கதை. வண்டியை உயர்த்தினால், முன்னாலிருந்து பின் அச்சைச் சுழற்றும் ஷாஃப்ட் சரிவாகிவிடும். அதன் இரு முனையிலும் ஒவ்வொரு மூட்டு. மேல் மூட்டு மடங்குகிற அளவுக்கே கீழ் மூட்டும் மடங்க வேண்டும். இல்லையென்றால் வேகம் பிடித்ததும் வண்டி குளிர்ஜுரம் கண்டவனைப்போல் நடுங்கும். அதனால் பின் அச்சைச் சற்றே திருப்பி, ஸ்பிரிங் பட்டைகள் உட்காரும் தட்டுகளை அதன்மேல் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். முதலில் பெயருக்கு ஒரு பொட்டு வெல்டு. பிறகு வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, பாரம் முழுக்க உட்கார்ந்ததும் அளவு. முழு வெல்டு அதற்கப்புறம்தான். "தொங்குற வண்டிகிட்ட அளவு கேட்டா பொய்தான் சொல்லும்" என்று அக்கா எல்லோரிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும்.

கல்லூரி வாசலை மிதித்ததில்லை. என்ன படித்திருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "மூணு டிகிரி. சில வண்டிக்கு மூணரை" என்பார்.

நிஜமாகவே மூன்று டிகிரி வாங்கியவர் அவருடைய தங்கை கணவர், பல் டாக்டர். வேறெங்கோ ஜீப்பை உயர்த்திக்கொண்டு, அறுபதில் நடுங்குகிறதென்று இரண்டு முறை டயர் மாற்றியவர். மூன்றாவது முறை மாற்றுவதற்கு முன் தங்கை வண்டியை அக்காவிடம் தள்ளிவிட்டாள். அடியில் படுத்து அளந்த அக்கா, "மாப்பிள்ளை, பல்வலிக்கு யாராவது செருப்ப மாத்துவாங்களா?" என்று கேட்டது பட்டறை முழுக்கக் கேட்டது.

மறுநாள் சனிக்கிழமை. விடியற்காலையில் டாக்டரும் நண்பர்களும் ஒன்பது வண்டிகளில் மலைக்குக் கிளம்புகிறார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு கணவரோடு ஒரு பயணம் என்று தங்கை பைகளைக் கட்டி வைத்துவிட்டாள். வெள்ளி மாலை, அச்சு பொட்டு வெல்டில் நிற்க, வண்டி இன்னும் சக்கரம் தரையில் படாமல் தாங்கியின் மேலேயே இருந்தது.

"இறக்கி அளந்து மறுபடி ஏத்தணுமா அண்ணி?" என்றார் டாக்டர். "உங்க கண்ணுக்குத் தெரியாததா? அந்தக் கருவியெல்லாம் மத்தவங்களுக்கு."

இருபது வருடமாக எந்த வாடிக்கையாளரின் அவசரத்துக்கும் அசையாத அக்கா, இந்த ஒரு வாக்கியத்தில் சரிந்தார். எத்தனை டிகிரி என்று அளக்கத்தான் ஆளில்லை. முகமூடியை இழுத்துவிட்டு, தொங்கிய வண்டியிலேயே முழு வெல்டையும் வைத்து முடித்தார். வெல்டு என்னவோ மீன் செதில்போல் அழகாகத்தான் விழுந்தது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் ஜீப் பாதி வழியில் மறுபடி நடுங்கித் திரும்பி வந்து பட்டறை வாசலில் நின்றது. மற்ற எட்டு வண்டிகள் மலைக்குப் போய்விட்டிருந்தன. உள்ளே தண்ணீர் லாரி டிரைவரும் இன்னும் இரண்டு வாடிக்கையாளர்களும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தங்கை இறங்கினாள். "ஊருக்கெல்லாம் அளந்து அளந்து வைக்கிற. என் வண்டிக்கு மட்டும் குத்துமதிப்பா?"

டீ குடித்தவர்கள் டம்ளருக்குள் எதையோ தேடத் தொடங்கினார்கள். டாக்டர் நல்ல மனிதர். அவசரமாக நடுவில் புகுந்தார். "இல்லம்மா, டயராத்தான் இருக்கும். இல்லையா அண்ணி?"

தப்பித்துக்கொள்ள அழகான வாசல் அது. தலையை ஆட்டினால் போதும், டயர் கம்பெனி எங்கிருந்தோ பழியை ஏற்றுக்கொள்ளும். அக்கா ஜீப்புக்கு அடியில் போய்க் கருவியை வைத்தார். இரண்டு மூட்டுக்கும் நான்கு டிகிரி வித்தியாசம். வெளியே வந்து, லாரி டிரைவருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"டயர்ல ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. தொங்கவிட்டே வெல்டு வச்சிட்டேன். தப்பு என்னோடது."

பிறகு கிரைண்டரை எடுத்து, அந்த மீன் செதில் அழகையெல்லாம் தன் கையாலேயே பொறியாக்கிப் பறக்கவிட்டார். புதுப் பொட்டு வெல்டு. இறக்கம். அளவு. கால் டிகிரிக்காக மறுபடி ஏற்றம், மறுபடி இறக்கம். தங்கை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது பசியில்லை என்றாள்.

நாலு மணிக்கு மூவரும் புறவழிச்சாலையில் போனார்கள். டாக்டர் ஓட்டினார். தங்கை பின்னால், ஜன்னலைப் பார்த்தபடி. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் பாதங்களை வண்டித் தரையில் அழுத்தி, கண்ணை மூடியிருந்தார். ஐம்பது. அறுபது. டாக்டர் பேச வாயெடுத்தபோது அவர் விரல் உயர்ந்தது. எழுபது. எண்பது. தொண்ணூறில் பின்னாலிருந்து தங்கையின் குரல், காலையிலிருந்து முதல் தடவையாக, சாதாரணமாக வந்தது: "என்னக்கா?"

அக்கா கண்ணைத் திறந்தார். நடுங்காத தரையிலிருந்து பாதங்களை எடுத்துச் செருப்பில் நுழைத்தார். கையை நீட்டி ரேடியோவைப் போட்டார்.