நான் பிடுங்கிய பிளக்

போன வருஷம் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு, ஒரு சனிக்கிழமை மாலை, ஜொகூர் பாருவில் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்தது இது. மணி விவரம்கூட என் டைரியில் இருக்கிறது. எதையும் குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு.

அன்று என் தங்கையின் முதல் கிட்டார் நிகழ்ச்சி. பாட்டு, ராகம் என்று எதையும் எதிர்பார்த்துப் போகக் கூடாது. கம்பியில் ஸ்குரூ டிரைவரைத் தேய்ப்பாள். கிட்டாரை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி ஊளையிட வைப்பாள். "மிக்ஸியில கல்லு மாட்டின மாதிரி இருக்கு லா" என்பாள் என் மனைவி. தங்கை சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அன்று சிரிக்கவில்லை. மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, யாரு எப்படிக் கேக்குறாங்கன்னு எழுதி வை. ஒருத்தராவது மனசு வச்சுக் கேக்கலன்னா இதோட விட்டுடுறேன்." விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்து, மிச்ச நேரத்தில் பழகியவள் அவள்.

வந்தது இருபத்திரண்டு பேர். 5.08, ஆரம்பம். 5.11, இரண்டு பேர் எழுந்து போனார்கள். 5.14, ஒருவர் கைபேசியை எடுத்துவிட்டார். 5.16, முன்வரிசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார், பாவம்.

5.19க்கு ஸ்பீக்கர் கிறீச்சென்று அலறியது. நான் செனாயில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவன். அந்த மாதிரிச் சத்தம் கேட்டால் நாங்கள் யோசிக்க மாட்டோம். முதலில் மின்சாரத்தை நிறுத்துவோம். ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

மாடி அப்படியே அமைதியாகிவிட்டது. தங்கை என்னைப் பார்த்த பார்வையை இன்னும் டைரியில் எழுத வரவில்லை.

"அலமாக்! ஏன் தம்பி நிறுத்துனீங்க?" கண்ணை மூடியிருந்த அம்மாதான் கேட்டார். கன்னம் நனைந்திருந்தது.

"மெஷின் எரிஞ்சிடும்னு பயந்துட்டேங்க."

"மெஷின் சத்தம் எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷம் தகடு அடிக்கிற மெஷின்கிட்ட நின்னவ நான். அது தலைக்குள்ள எப்படி இருக்கும்னு வீட்டுல யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியல. இந்தப் பொண்ணு அதை அப்படியே வாசிக்குது. மாட்டுங்க, போங்க!"

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாட்டுண்ணே" என்றாள்.

மாட்டினேன். அதற்குப் பிறகு அன்றைய பக்கத்தில் ஒரு வரியும் இல்லை. அவள் வாசித்ததை அன்றுதான் நான் உட்கார்ந்து கேட்டேன்.

இப்போதும் அவள் வாசிக்கும் இடமெல்லாம் போகிறேன். பிளக்குக்கு எட்டாத நாற்காலிதான் எனக்கு. 5.16க்கு எதிரே எழுதிய 'பாவம்' என்ற சொல்லை அடிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். ஒருவர் முகத்தைப் பார்த்து அவர் மனதை எழுதிவிடலாம் என்று பேனா கிளம்பும்போதெல்லாம், அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டிப் பார்க்கிறேன்.