ஷார்ஜா படகின் பேட்டரி மீட்டர்

தென்காசி பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் ஜெயசித்ராவை எல்லோரும் ‘வயரிங் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பாவிடம் கற்ற வேலை. அவர் போன பிறகு கடையை அவளே எடுத்துக்கொண்டாள்.

அவள் கணவன் பலவேசம் குற்றாலத்துக்கு ஆட்களை ஏற்றிவரும் வேன் ஓட்டியவன். கொரோனாவில் வேன் ஓட்டம் படுத்தது. கடையநல்லூர் நண்பன் துல்கர்னைன் விசா ஏற்பாடு செய்ய, ஷார்ஜாவில் ஒரு முதலாளியின் பழைய மோட்டார் படகைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனான். மகள் நிர்மலாதேவி மதுரையில் நர்சிங் படிக்கிறாள். அவள் படித்து முடிக்கும்வரை என்றுதான் பேச்சு.

போன ஆனி மாதம் ஒரு மத்தியானம் பலவேசம் வீடியோ காலில் வந்தான். முகம் வேர்த்திருந்தது.

“சித்ரா, பேட்டரி மீட்டர் முள்ளு கீழயே கெடக்கு. புது பேட்டரி போட்டும் ஏறல. நடுக்கடல்ல நின்னுருமோன்னு முதலாளிக்குப் பயம்.”

“இஞ்சின் ஸ்டார்ட் ஆகுதா?”

“ஒரே அடியில ஆகுது.”

அப்போதே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. பேட்டரியில் குறையிருந்தால் இஞ்சின் அப்படி எழும்பாது.

“இந்த வாரத்துக்குள்ள சரியாகலன்னா படகை வித்துருவாராம்” என்றான் பலவேசம். “படகுக்காகத்தான் என்னைய வச்சிருக்காரு. டிக்கெட் போட்டு அனுப்பிருதேன்னு சொல்லிட்டாரு.”

ஜெயசித்ராவுக்குத் திருவனந்தபுரம் விமான நிலையத்து வாசலில் அவன் பெட்டியை உருட்டிக்கொண்டு வருவது கண்முன் வந்தது. ஆரியங்காவு, புளியறை தாண்டி, செங்கோட்டையில் ஒரு டீ. ராத்திரி வீட்டில் இரண்டு தட்டு.

“ஏட்டி, லைன்ல இருக்கியா?”

“இருக்கேன்.” கையிலிருந்த வயரைக் கீழே வைத்தாள். “மல்ட்டிமீட்டர் இருக்கா? இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு பேட்டரியில வச்சுப் பாருங்க.”

பன்னிரண்டே முக்கால் வோல்ட் காட்டியது.

“பேட்டரி நல்லாத்தான் இருக்கு. இப்ப சாவியைப் போட்டு, டேஷ்போர்டு மீட்டருக்குப் பின்னால ரெண்டு முனையிலயும் வையுங்க.”

அங்கே பதினொன்றுகூட இல்லை.

“அப்ப மீட்டர் பொய் சொல்லல. அது கிட்ட வந்து சேருததே அவ்வளவுதான். வழியில எங்கயோ கரண்ட் குறையுது. ஒரு நீள வயர் எடுத்து பேட்டரி மைனஸ்ல ஒரு முனை, மீட்டர் மைனஸ்ல ஒரு முனை பிடிங்க. ப்ளஸ்ல பட்டுராம.”

அவன் குனிந்து வயரைப் பிடித்தான். முள் எழும்பி மேலே போய் நின்றது.

“ஏறிட்டு சித்ரா!”

“எர்த் வயர்தான், பேட்டரி மைனஸ்ல இருந்து மீட்டருக்கு வாரது. கடல் காத்துல உள்ளுக்குள்ளயே அரிச்சிருக்கும். புதுசா ஒண்ணு இழுத்துருங்க.”

பழைய வயரை வெட்டிக் காட்டினான். மேலே உறை பளபளவென்றிருந்தது. உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்து, விரலால் தொட்டதும் உதிர்ந்தது.

சந்தோஷப்பட வேண்டியவன் படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

“இஞ்சின் எழும்புதுன்னு சொன்னதுமே உனக்குத் தெரிஞ்சிருக்கும்லா?”

“பாதி தெரிஞ்சுது.”

“அப்ப ஏன் பேசாம இருந்த?”

“நீங்க வந்து இறங்குத மாதிரி ஒரு தடவ நெனச்சுப் பாத்துக்கிட்டேன்.”

அவன் வெட்டிய வயர்த் துண்டைச் சுருட்டி ஓரமாக வைத்தான்.

“உனக்கு போன் போடாமலே விட்ருவோமான்னு நானும் ரெண்டு நாளா யோசிச்சேன்” என்றான் பலவேசம். “பிள்ள மூஞ்சி வந்து நின்னுட்டு.”

“சரி, சாப்பிட்டியளா?” என்று கேட்டாள். வேறு எதைக் கேட்டாலும் அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை படகு கடலுக்குப் போய்த் திரும்பியது. முதலாளிக்கு ரொம்பத் திருப்தி. விசாவைப் புதுப்பித்தார். குற்றாலச் சீசனுக்கு லீவு கேட்டதற்கு மட்டும், மீன் பிடிக்கப் போகும் மாதங்கள் முடியட்டும் என்று சொல்லிவிட்டார்.

அதன்பிறகு மத்தியானங்களில் இருவரும் போனை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டே வேலை பார்க்கப் பழகிவிட்டார்கள். பேச்சு அதிகம் இருக்காது. அவன் படகைக் கழுவுவான். அவள் கடையநல்லூர் ஆட்டோவுக்கோ ஆலங்குளம் டிராக்டருக்கோ வயர் முறுக்கிக்கொண்டிருப்பாள். சில நாள் தகரக் கூரையில் சாரல் விழும்.

“மழையா சித்ரா?” என்பான், கையில் பிடித்த குழாயை நிறுத்திவிட்டு.

அவள் எழுந்து போனை வாசல் பக்கம் கொண்டுபோய் வைப்பாள்.