சுற்றித் தேய்த்த முத்திரை

அழகுராஜா விரலால் ஒரு சுண்டு சுண்டினால் போதும். பாத்திரத்தின் எடை மட்டுமல்ல, அதைச் செய்தவன் அன்று காலையில் சாப்பிட்டானா இல்லையா என்பதுவரை சொல்லிவிடுவார். சைக்கிளில் பாத்திரம் கட்டி விற்று, அருப்புக்கோட்டையில் கடை போட்ட மனிதர். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கரை விற்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது, அவர் பின்னறையில் முப்பது குக்கர்கள் முத்திரையில்லாமல் கிடந்தன. அந்த முத்திரை அச்சடித்த ஸ்டிக்கர் ஒரு சுருள் வாங்கிவந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பொட்டு வைப்பதுபோல் ஒவ்வொன்றாக ஒட்டினார்.

முத்திரை என்றால், யாரோ அதை அடுப்பிலேற்றி, விசிலை அடைத்து, ஆவி முட்டும்போது வால்வு திறக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த முப்பதை யாரும் பார்க்கவில்லை. அவர் சுண்டிப் பார்த்ததோடு சரி.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். பந்தல்குடி ஹலீமா வந்து, நெளிந்துபோன குக்கர் மூடி ஒன்றைக் கல்லாமேல் வைத்தாள். "கூரை ஓட்டப் பிச்சுக்கிட்டுப் போயிருச்சுண்ணே. புள்ளைக வெளிய இருந்துச்சுக, தப்பிச்சோம். முத்திரையப் பாத்துத்தான வாங்குனேன்?" சண்டைகூடப் போடவில்லை. அதுதான் அவரைக் குத்தியது.

மூடியை எட்டிப் பார்த்த மனைவி முருகலட்சுமி சொன்னாள்: "இதே குக்கரத்தான ஒங்க தங்கச்சி ஈஸ்வரிக்குப் பொங்கச் சீர்ல வச்சேன்? முத்திரை இருக்கான்னு பாத்துல்ல எடுத்தேன்!"

அழகுராஜா கல்லாவைக்கூடப் பூட்டவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு மல்லாங்கிணற்றுக்கு பஸ் ஏறினார். வழியில் தூரத்தில் எங்கே விசில் கேட்டாலும் அது தங்கச்சி வீட்டு அடுப்பாகவே கேட்டது.

நுழைந்ததும் நேரே அடுப்படிக்குப் போய் கேஸை அணைத்தார்.

"என்னண்ணே, வந்ததும் வராததுமா?" என்றாள் ஈஸ்வரி.

"இது பழைய மாடலும்மா. புதுசு மாத்தித் தாரேன்."

ஈஸ்வரியின் மாமியார் சுப்பம்மாள் இடுப்பில் கைவைத்தாள். "பொறந்த வீட்டுச் சீரத் திருப்பிக் கொண்டுபோற அண்ணன இன்னைக்குத்தான் பாக்கேன். அதுக்கு என்ன கொறச்சல்? ஸ்டிக்கர் அழிஞ்சிறக் கூடாதுன்னு அதச் சுத்தித்தான் தேய்க்கோம். நான் சொல்லித்தான் இந்தத் தெருவுல நாலு வீட்டுல ஒங்க கடையில வாங்கியிருக்காக!"

குக்கர் சுற்றிலும் வெள்ளியாய் மின்னியது. நடுவில் அந்த ஸ்டிக்கர், சாமி படம்போல் பத்திரமாக. மாடல், கம்பெனி ஆஃபர் என்று வாயில் வந்ததையெல்லாம் அழகுராஜா விழுங்கினார். நகத்தால் சுரண்டினார். சுருண்டு வந்தது.

"நெசமான முத்திரை உரிஞ்சு வராது அத்தை. இது நான் ஒட்டுனது."

சுப்பம்மாளின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. ஈஸ்வரி அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. நகத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஸ்டிக்கரைத்தான் பார்த்தாள். அவர் உதறினார், அது விழவில்லை.

"இன்னும் நாலு வீடு இருக்கு," என்றாள்.

"நீயே போயி வாங்கியாந்துரும்மா. நான் வாசல்ல நிக்கேன்."

"நான் என்னன்னு சொல்லி வாங்க?"

அழகுராஜா குக்கரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். ஈஸ்வரி பின்னாலேயே வந்தாள். முதல் வீட்டுக் கதவைத் தட்டியதும் அவர் தொண்டையைச் செருமினார்.

"மாடலு, ஆஃபருன்னு ஆரம்பிச்சிறாதீகண்ணே," என்றாள் ஈஸ்வரி. "எங்க அத்தைகிட்டச் சொன்னதையே சொல்லுங்க."