முந்நூற்று நாற்பது கறுப்பு வீடியோக்கள்

வாஷிங் மெஷின் மெக்கானிக்கின் போனில் இடமில்லை. இதை அந்தப் போன் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. மனிதர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது தட்டிக்கழிக்க வழியில்லாமல் போய்விட்டது. அவருக்கு வேலை அனுப்பும் கம்பெனி புதிதாக ஒரு செயலியைக் கொண்டுவந்திருந்தது. திங்கட்கிழமை காலைக்குள் அதை ஏற்றாதவர்களுக்கு அழைப்பு வராது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு போனை மனைவியிடம் நீட்டினார்.

"ரெண்டு ஜிபி வேணுமாம். எதையாவது தூக்கிப் போடு."

அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபது வருடமாகக் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவள். வேண்டாததைக் கழித்துக்கட்டுவதில் கைதேர்ந்தவள். ஆனால் ஒன்று, எதையும் என்னவென்று பார்க்காமல் கிழிக்க மாட்டாள். காலை வணக்கம் சொல்லும் ரோஜாக்களும் யாரோ அனுப்பிய உடம்பு இளைக்கும் வழிகளும் இரண்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தன. கிடைத்த இடம் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

அப்புறம் வீடியோக்களைத் திறந்தாள். முந்நூற்று நாற்பது. அத்தனையும் கன்னங்கரேலென்று இருந்தன.

"என்னங்க இது, ஒரே இருட்டா இருக்கு?"

"அதெல்லாம் மெஷின் சத்தம். ஓடும்போது போனை மேல கவுத்து வச்சுப் பதிஞ்சுக்குவேன்."

"சத்தம் மட்டும் வேணும்னா அதை மட்டும் பதியலாமே. இவ்வளவு இடம் பிடிக்காதே."

"அப்படி ஒண்ணு இருக்கா?"

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எந்த மெஷினையும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுகிறவர், இத்தனை வருடமாக இருட்டைப் படம்பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்! ஆனால் ஊரில் அவருக்கு இருந்த பெயருக்கு இந்தச் சத்தங்கள்தான் காரணம். மற்ற மெக்கானிக்குகள் வந்ததும் திருப்புளியை எடுப்பார்கள். இவர் மெஷினை ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். கேட்டுவிட்டு இன்னதுதான் என்று சொன்னால் அதுதான். அந்தக் காதை நம்பித்தான் இந்த வீடு ஓடியது.

அவளுக்கு ஆசை வந்துவிட்டது. பழையதிலிருந்து ஆரம்பித்து ஒன்றைத் தட்டினாள். கடகடவென்றது.

"பம்புல சட்டைப் பட்டன் மாட்டியிருக்கு," என்றார், தலையணையில் சாய்ந்தபடி.

அடுத்ததில் தடதடப்பு. "கால் நாலும் ஒரே மட்டத்துல இல்ல. மாடி வீடு." அடுத்தது ஒரு முனகல். "பெல்ட் தளர்ந்துபோச்சு. அந்த வீட்டம்மா ஏதோ பேய்னு பயந்துட்டாங்க."

அவள் வாய் பிளந்தாள். இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இவரிடம் இந்த வித்தை இருப்பதை அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் கேட்டிருக்கிறாள். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அழித்தாள். ஐம்பதைத் தாண்டியதும் ஒன்று வந்தது.

"இதுல ஒண்ணுமில்ல. சும்மா ஓடுது. தூக்கிடு."

அவள் விரல் நின்றது. ஓட்டத்துக்கு அடியில் சன்னமாக ஏதோ கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லாததை எதுக்குப் பதிஞ்சீங்க?"

"கை பட்டிருக்கும்."

பத்து தள்ளி இன்னொன்று. அதிலும் அதே கீச்சல். அதிலும் அவர் ஒன்றுமில்லை என்றார். கை இத்தனை தடவையா படும்? அவளுக்குக் குறுகுறுப்பு தாங்கவில்லை. அழிக்காமல் கடைசிவரை ஓடவிட்டாள். முடிகிற இடத்தில் அவருடைய குரலே கேட்டது. நான்கு வருடத்துக்கு முந்தைய குரல், யாரோ வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தது.

"இந்த விசில் கேக்குதுங்களா சார்? பேரிங் தேய ஆரம்பிச்சிருக்கு. இப்பவே மாத்திட்டா துணி சுத்துற டிரம் தப்பிச்சுடும்."

மெக்கானிக் எழுந்து உட்கார்ந்தார்.

"திருப்பிப் போடு."

போட்டாள். சத்தத்தை முழுக்கக் கூட்டினாள். அவர் போனை வாங்கி வலது காதில் வைத்தார். இடது காதுக்கு மாற்றினார். அவர் குரல் வந்தது. அதற்கு முன் ஓடிய விசிலுக்கு முகத்தில் எந்த மாற்றமும் வரவில்லை.

"உனக்குக் கேக்குதா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். போன் சரியில்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனாலும் அவளுக்குப் பொய் வரவில்லை.

"கேக்குது."

"எப்படி இருக்கு?"

"காதுகிட்ட கொசு வந்த மாதிரி. விடாம ஒரே இழுப்பா இருக்கு."

"அதேதான்," என்றார். போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அவள் பக்கத்தில் நகர்ந்து அவர் முதுகில் கை வைத்தாள்.

"காது டாக்டரைப் பாக்கலாங்க. இந்த வாரமே போவோம்."

"போவோம். முதல்ல மிச்சத்தைப் போடு. நான் கண்டுபிடிச்சுச் சொல்றதை அழி. ஒண்ணுமில்லன்னு சொல்றதை வச்சுக்க."

"தலைகீழாச் சொல்றீங்களே?"

"கேக்குற சத்தம் எனக்கு எதுக்கு? அது மெஷின்லயே கேக்கும். கேக்காதது எதெதுன்னு தெரிஞ்சாகணும்ல?"

சாயங்காலம் வரை உட்கார்ந்தார்கள். காபி ஆறிப்போனது. பட்டன்களும் பெல்ட்டுகளும் உடைந்த ஸ்பிரிங்குகளும் வரிசையாகப் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு முறை அவர் உதட்டைப் பிதுக்கியபோதும் அவள் கூர்ந்து கேட்டாள். ஒவ்வொரு முறையும் அந்த விசில் இருந்தது. கடைசியில் ஒன்பது வீடியோக்கள் மிஞ்சின. எல்லாமே பேரிங். தேதியைப் பார்த்தாள். அவற்றில் கடைசியாகப் பதிந்ததற்கே இரண்டு வருடமாகியிருந்தது. அதற்கப்புறம் எந்த வீட்டிலும் அவருக்கு அந்தச் சத்தம் கேட்கவே இல்லை போலிருக்கிறது.

இடம் தாராளமாகக் கிடைத்தது. செயலி ஏறியது. அழைப்புகளை ஏற்கத் தயாரா என்று கேட்டது. அவர் அதைத் தொடவில்லை. போனை வாங்கி ஓர் எண்ணைத் தேடினார்.

"யாருக்குங்க?"

"போன மாசம் ஒரு வீட்ல மெஷின் ஏதோ மாதிரி ஓடுதுன்னு கூப்பிட்டாங்க. கேட்டுட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு வந்தேன். மூணே வாரத்துல டிரம் உடைஞ்சுபோச்சு. மறுபடி போய்ப் பாத்து, மெஷினே மட்டம்னு திட்டிட்டு வந்தேன்."

மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"அம்மா, மெக்கானிக் பேசறேன். உங்க மெஷின் நல்ல மெஷின்தாங்க. சத்தம் வந்திருக்கு. எனக்குத்தான் கேக்கல."