காதைத் தொட்டா நில்லு

மார்லிஸ் ஒரு கடைக்குள் நுழைந்தால் முதலாளி சட்டென்று குனிந்து எதையோ தேடுவார். "வந்துட்டாடா, யாருக்காவது வேலை கேப்பா." அவள் உத்தியோகமே அதுதான். ஊர் உயர்நிலைப் பள்ளியில் மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகள், கை கால் வராத பிள்ளைகள் எல்லாரையும் வெளியே ஒரு வேலையில் சேர்த்து, கூடவே நின்று பழக்கிவிடுவது. தீவன மில், கார் கழுவும் இடம், நூலகம் என்று அவள் ஏறாத வாசல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து அந்தச் சின்ன ஊரில் கிடையாது.

அதற்கு முன்னால் பள்ளி பஸ் ஓட்டினாள். பனி கொட்டும் காலையில் அவள் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் பாடிக்கொண்டு வருவாள் ஒரு குட்டிப்பெண், டெல்லா.

அந்த டெல்லாவும் இப்போது மார்லிஸ் பொறுப்பில் இருக்கும் பிள்ளைகளில் ஒருத்தி; பள்ளியில் அவளுக்குக் கடைசி வருஷம். பள்ளி முடிந்தால் மார்லிஸின் துணையும் முடிந்தது. அதற்குள் ஒரு வேலை நிலைக்காவிட்டால் அப்புறம் வீட்டு சோபாவும் டிவியும்தான். அப்படி முடங்கிப்போன பிள்ளைகளை மார்லிஸ் பார்த்திருக்கிறாள்.

முதியோர் இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் இடம் கிடைத்தது. காப்பி ஊற்றணும், தட்டு எடுக்கணும். டெல்லாவுக்கு அந்த வேலை உயிர். ஆனால் சந்தோஷம் வந்துவிட்டால் நிறுத்தத் தெரியாது. கோப்பை நிறைந்து வழிந்தாலும் ஊற்றுவாள். போகிற வருகிறவர்களைக் கட்டிப்பிடிப்பாள். நாலு பேர் முன்னால் அவளை அதட்ட மார்லிஸுக்கு மனசு வரவில்லை. ரகசியமாக ஒரு சைகை சொல்லிக்கொடுத்தாள்.

"காதைத் தொட்டா நில்லு கண்ணு. கையக் கீழ விட்டுடு. தலையாட்டினா மறுபடி ஆரம்பி. சரியா?"

"சரி மார்லிஸ்!"

பிடித்துக்கொண்டாள். மார்லிஸ் காதைத் தொட்டால் டெல்லா நிற்பாள், தலையசைத்தால் சிரித்துக்கொண்டே தொடர்வாள். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

மார்லிஸின் உத்தியோகத்தில் பிள்ளைகளைச் சேர்த்துவிடுவது பெரிசில்லை, விலகுவதுதான் பெரிசு. முதலில் பக்கத்தில் நின்றாள். பிறகு சுவரோரம். பிறகு கூடத்துக்கு வெளியே தாழ்வாரம். கடைசியில் வெளியே காரில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே போனால், நீ இல்லாமல் அவளால் முடியாது என்று சொல்லிவிடுவார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

சமையலறைப் பொறுப்பாளர் லோயிஸ் ஒருநாள் கார் பக்கம் வந்தாள்.

"நல்ல பொண்ணுதான் மார்லிஸ். ஆனா நடுநடுவுல சிலையாட்டம் நின்னுடுறா. கூப்பிட்டாலும் அசையல. சூப் ஆறிப்போவுது. வலிப்பு கிலிப்புன்னா நாங்க என்ன பண்றது?"

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. இன்னும் கொஞ்ச நாள் குடு லோயிஸ்."

"வேற ஆளைப் பேசிட்டேன்டி. வெள்ளிக்கிழமையோட சரி."

"ஏன் கண்ணு நின்ன?" என்று மார்லிஸ் அன்றைக்கு டெல்லாவைக் கேட்டாள்.

"நான் நல்லாத்தானே நின்னேன்?"

மார்லிஸுக்கு ஒன்றும் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை டெல்லாவின் ஏப்ரனை வாங்கித் திருப்பிக் கொடுக்க உள்ளே போனாள். சாப்பாட்டு நேரம். ஜன்னல் ஓரத்து மேசையில் ஆர்வில் தாத்தா கோப்பையை நீட்டினார்.

"ஏய் காப்பிக்காரி, அந்தக் கழனித்தண்ணிய இன்னும் கொஞ்சம் ஊத்து."

டெல்லா கெக்கெக்கே என்று சிரித்து ஜாடியைச் சாய்த்தாள். தாத்தாவின் காது மெஷின் கீயென்று கத்தியது. அவர் விரலால் அதை அழுத்தினார்.

டெல்லா நின்றாள். ஜாடியை மெல்ல மேசையில் வைத்தாள். கையைக் கீழே விட்டாள். தாத்தாவின் முகத்தையே பார்த்தாள், எப்போது தலையாட்டுவார் என்று.

மார்லிஸ் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். எல்லாக் காதிலும் மெஷின். ஒருவர் திருகுகிறார், ஒருவர் தட்டுகிறார், ஒரு பாட்டி கழற்றி மாட்டுகிறாள். காதைத் தொட்டா நில்லு என்று சொன்னாளே தவிர, யார் காதை என்று அவள் சொல்லவே இல்லை.

சமையலறைக்கு ஓடினாள். "லோயிஸ், தப்பு என்னுது! அவ சொன்னபடிதான் செஞ்சிருக்கா. ஒரே நாள்ல மாத்திடுவேன்."

விவரம் கேட்டு லோயிஸுக்கும் கண் கலங்கிவிட்டது. "முன்னாடியே தெரிஞ்சிருந்தா..." என்றாள். அவள் பின்னால் புதிதாக வந்த பெண் ஏப்ரன் கயிற்றை இழுத்து முடிந்துகொண்டிருந்தாள்.

வாசலில் ஆர்வில் தாத்தாவின் குரல் கேட்டது. "நாளைக்கு வருவ இல்ல?"

"வருவேன் தாத்தா!" என்று டெல்லா கையாட்டினாள்.

காரில் ஏறியதும் பழைய பஸ் பாட்டை ஆரம்பித்தாள். கண்ணீரில் மார்லிஸுக்குச் சாலை தெரியவில்லை. ஓரமாக நிறுத்தினாள். கண்ணைத் துடைத்து, நனைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

பாட்டு நின்றது. டெல்லாவின் கைகள் மடியிலிருந்து கீழே இறங்கின. அவள் மார்லிஸையே பார்த்தபடி காத்திருந்தாள்.

"நல்லா நின்னேன் இல்ல, மார்லிஸ்?"

"நல்லா நின்ன கண்ணு. உன்னாட்டம் யாராலயும் நிக்க முடியாது."

சொல்லிவிட்டு மார்லிஸ் தலையாட்டினாள்.