நாலு தங்கமீனும் அரை அவுன்ஸ் உப்பும்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஆவணியில் அக்கா கொழும்பிலிருந்து வந்தாள். கூடவே ஒரு மண்ணெண்ணெய் டின்னில் நாலு தங்கமீன் வந்தன.
2. புரட்டாசியில் மீனுக்குக் கண்ணாடித் தொட்டி செய்தோம்.
3. கார்த்திகையில் ஒரு மீனின் வாலில் பஞ்சு போல வெள்ளை படர்ந்தது.
4. தண்ணீரில் உப்பு போட்டேன். எட்டு நாளில் வால் சுத்தமானது.
5. உப்பை நிறுத்தவில்லை.
6. பங்குனியில் ஐந்து நாளுக்குள் மூன்று மீன் செத்தன.
7. சித்திரையில் வருவதாக எழுதியிருந்த அத்தான் வரவில்லை.

ஆறாவதற்கும் ஏழாவதற்கும் சம்பந்தம் கிடையாது. அக்காவை மட்டும் இதை நம்பவைக்க என்னால் இன்றுவரை முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் எங்கள் ஊரான கொட்டாரத்தில் பெண்களுக்கான சின்ன மருந்துசாலை ஒன்றில் கம்பவுண்டர். மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் மருந்து கலக்கப் படித்தேன். நிறுப்பது, அளப்பது, கரைப்பது, வடிகட்டுவது, சீட்டு எழுதி ஒட்டுவது: இவ்வளவுதான் என் வேலை. அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. அம்மா இல்லை. அக்கா கல்யாணமாகிக் கொழும்புக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஆறு வருஷம் கழித்து அத்தான் அக்காவை உடம்பு தேறட்டும் என்று சொல்லி ஊருக்கு அனுப்பினார். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. பிள்ளை இல்லை, அதுதான் காரணம். இதை அவர் எழுதவுமில்லை, அக்கா சொல்லவுமில்லை. அவர் வேலை பார்த்த துணிக்கடையின் முகப்பில் இந்த மீன்கள் இருந்தனவாம். கடையை இடித்துக் கட்டியபோது முதலாளி இவற்றை அத்தானுக்குக் கொடுத்தார். அத்தான் அக்காவிடம் கொடுத்தனுப்பினார். சித்திரையில் வந்து அழைத்துப்போகிறேன், அதுவரை மீனைப் பார்த்துக்கொள் என்றாராம்.

அப்பாவும் நானும் தூத்துக்குடிக்குப் போய் அவளை அழைத்துவந்தோம். சமஸ்தான எல்லையில், ஆரல்வாய்மொழி சுங்கச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். சேவகன் டின்னைத் தட்டிப் பார்த்தான்.

"இதுல என்ன?"

"மீனு," என்றார் அப்பா.

"கொழும்புலேருந்து மீனா? நம்ம கடல்ல மீனு தீந்துபோச்சா வேய்?"

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா டின்னின் மூடியை விலக்கிக் காட்டினாள்.

"இது திங்கிய மீனில்ல. பாக்கிய மீனாக்கும்."

"பாக்கிய மீனுக்கு என்ன தீர்வைன்னு பொஸ்தகத்துல இல்லியே," என்று சொல்லிவிட்டு அவன் இன்னொரு முறை எட்டிப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு சவம். போங்க."

அக்கா சிரிக்கவில்லை. வீடு சேரும்வரை டின்னை மடியிலிருந்து இறக்கவும் இல்லை.

நாகர்கோவிலில் கண்ணாடி வெட்டி, கொல்லனிடம் இரும்புச் சட்டம் அடித்து, தொட்டி செய்தோம். இரண்டடி நீளம், ஓரடி அகலம். ஆறு கேலன் பிடித்தது. முன்னறை ஜன்னலோரம் வைத்தோம். மலைக்கணவாய்க் காற்று நேராக வந்து அடிக்கிற ஜன்னல் அது. அந்தக் காற்றில் நனைந்த சேலை அரை மணியில் காய்ந்துவிடும். தொட்டி நீர் தினமும் ஒரு விரற்கடையில் கால்வாசி குறைந்தது. குறைந்ததை மட்டும் ஊற்ற வேண்டும், பழைய தண்ணீரை மாற்றவே கூடாது என்பது கொழும்புக் கடைக்காரர் சொல்லி அத்தான் சொன்னது. அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

மாதம் ஒரு கடிதம் வரும். நான் எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். படித்துக் காட்டச் சொல்லி அக்காதான் தருவாள். அவளுக்கே நன்றாகப் படிக்கத் தெரியும். என் வாயால் கேட்க விரும்பினாள் போலிருக்கிறது. ஒவ்வொரு கடிதத்திலும் இருந்தது இதுதான்: இங்கே நலம். மீன்கள் சுகந்தானா? தண்ணீர் மாற்றவேண்டாம். மாமாவுக்கு என் வணக்கம். அக்காவின் உடம்பைப் பற்றிக் கேள்வியில்லை. அவள் அனுப்பும் பதிலும் அப்படியே. நாலும் சுகம், பெரியது நன்றாகத் தின்கிறது, சின்னது கொஞ்சம் மந்தம். அந்த மீன்கள் இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் எழுத ஒரு வரி இருந்திருக்காது. அதை நான் முதல் இரண்டு கடிதத்திலேயே புரிந்துகொண்டேன்.

ஆகவே கார்த்திகையில் சின்ன மீனின் வாலில் வெள்ளை படர்ந்தபோது எனக்கும் பயம் வந்தது. மீன் கூழாங்கல்லில் உரசிக்கொண்டே இருந்தது. துடுப்பை விரிக்கவில்லை. அக்கா சாப்பாட்டுத் தட்டோடு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, நீ மனுசனுக்கு மருந்து கலக்குத. இதுக்கு ஒண்ணு செய்யமாட்டியா?"

மீனுக்கு மருந்து எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. புண்ணைக் கழுவ உப்புநீர் உண்டு. பைண்டுக்கு ஒரு டிராம் உப்பு, அதாவது கேலனுக்கு ஒரு அவுன்ஸ். மீன் அதற்குள்ளேயே கிடக்கப்போகிறது என்பதால் பாதி வலுவு போதும் என்று கணக்கிட்டேன். கேலனுக்கு அரை அவுன்ஸ், அதாவது ஒரு அவுன்ஸ் தண்ணீரில் ஒன்றரை கிரெயின், ஏறக்குறைய நாலு நெல்மணி எடை. அப்பாவின் அளத்து உப்பையே எடுத்து, தனியாகக் கரைத்து, துணியில் வடிகட்டி, மூன்று நாளாகப் பிரித்து ஊற்றினேன்.

அன்று மீன் விற்க வந்த கடற்கரை அம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யுத மக்கா?"

"மீனுக்கு உப்பு போடுகேன்."

"அய்யோ, மீனுக்கு உப்பு போட்டா கருவாடுல்லா ஆவும்! நாலு கருவாட்டுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டியா?"

அக்கா அன்றைக்குச் சிரித்தாள். வந்த பிறகு அவள் சிரித்துக் கேட்டது அது ஒரு தடவைதான். எட்டாம் நாள் பஞ்சு உதிர்ந்துவிட்டது. மீன் துடுப்பை விரித்து நீந்தியது. அந்த மாதக் கடிதத்தில் அக்கா ஒரு பக்கம் முழுக்க என் வைத்தியத்தைப் பற்றி எழுதினாள்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். மறுபடி வரக்கூடாது என்று நினைத்தேன். மருந்துசாலையில் ஒரு வழக்கம் உண்டு. அதிகம் செலவாகும் மருந்துகளை நோயாளிக்கு நோயாளி கலக்குவதில்லை. பெரிய குப்பியில் சேர்ந்தாற்போல் கலந்து வைப்போம். குப்பி குறையக் குறைய அதே வலுவில் கலந்து நிரப்புவோம். எத்தனை தடவை நிரப்பினாலும் வலுவு மாறாது. இரண்டு வருஷம் அதைச் செய்து செய்து என் கை அப்படியே பழகியிருந்தது. வீட்டிலும் அதையே செய்தேன். ஒரு பெரிய ஜாடியில் அரை அவுன்ஸ் கணக்கில் உப்புநீர் கலந்து, "மீன்தொட்டிக்கு. தினம் காலையில், குறைந்த அளவு மட்டும்" என்று சீட்டு எழுதி ஒட்டினேன்.

அக்கா அந்தச் சீட்டுக்கு ஒரு துளி பிசகவில்லை. விடிந்ததும் தொட்டியில் போட்டிருந்த கோடுவரை ஊற்றுவாள். ஜாடி தீர்ந்தால் நான் கலப்பேன். மார்கழி, தை, மாசி என்று மூன்று கடிதத்துக்கும் நாலும் சுகம் என்ற பதில் போனது. மாசிக் கடிதத்தில் சித்திரை பத்தாம் தேதிக்குள் வருவேன் என்று அத்தான் எழுதியிருந்தார். அக்கா தன் பெட்டியைத் திறந்து சேலைகளை வெயிலில் போட்டாள்.

அதே மாதம், கொழும்பிலிருந்து திரும்பிய ஒருவர் அளத்தில் அப்பாவைப் பார்த்து ஒரு செய்தி சொன்னார். அத்தான் அங்கே வேறொரு பெண்ணோடு வீடு எடுத்து இருக்கிறார். நேரில் பார்த்தவர். அப்பா என்னிடம் மட்டும் சொன்னார்.

"அவகிட்ட சொல்லாண்டாம். சித்திரை வரட்டும். வந்தாலும் வருவான்."

"வருவாரா?"

"வரமாட்டான்," என்றார் அப்பா.

பங்குனியில் மீன்கள் தீனி எடுக்காமல் போயின. செதில் மங்கி, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எனக்குத் தெரிந்தது ஒரே மருந்து. ஒரு குவளை உப்புநீரைக் கூடுதலாக ஊற்றச் சொன்னேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும். அக்கா ஊற்றினாள். மறுநாள் பெரியது செத்தது. அடுத்த நாள் ஒன்று. ஐந்தாம் நாள், வால் குணமாகியிருந்த சின்னது.

மூன்றாவதை எடுக்கும்போதுதான் கண்ணாடியின் மேல் விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு பொருக்கு இருப்பதைப் பார்த்தேன். விரலால் சுரண்டி நாக்கில் வைத்தேன். அளந்து ஓர் அவுன்ஸ் தண்ணீரை எடுத்துக்கொண்டு மருந்துசாலைக்குப் போனேன். பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் வற்றவிட்டு, அடியில் நின்ற உப்பைத் தராசில் நிறுத்தேன். ஒன்றரை கிரெயின் இருக்க வேண்டும். ஏழு இருந்தது.

குப்பியிலிருந்து மருந்து போனால் தண்ணீரும் சேர்ந்து போகிறது. தொட்டியிலிருந்து காற்று தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. உப்பு போகவில்லை. போன தண்ணீருக்குப் பதிலாக நான் தினமும் உப்புநீரைக் கொடுத்திருக்கிறேன். வெறும் கிணற்றுநீரை ஊற்றியிருந்தால் போதும். பாத்தியில் நீர் பாய்ச்சி வற்றவிட்டு, மறுபடி பாய்ச்சி வற்றவிட்டு உப்பு எடுக்கிறவரின் மகள் நான். அந்தச் சோற்றைத் தின்று படித்தவள்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் தொட்டியருகே போய் ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார்.

"காயல் வெள்ளம் மாதிரில்லா கரிக்கு. நாப்பது வருசமா இதத்தானேட்டி பாக்கேன். இந்த ஜன்னல்பக்கமாத்தான் தினம் போறேன், வாறேன். ஒருநாள் கைய விட்டுப் பாத்தனா?"

அக்கா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் அளவு தப்பி ஊத்திட்டனா?"

"இல்லக்கா. நீ ஊத்தினது சரி. நான் எழுதினதுதான் தப்பு."

"நீ படிச்சவ. நீ எழுதினது எப்படித் தப்பாவும்? என் கைதான் சரியில்ல. எதத் தொட்டாலும் வெளங்காது."

நான் தராசுக் கணக்கை ஒரு தாளில் எழுதி விளக்கினேன். தினம் எவ்வளவு வற்றியது, எவ்வளவு உப்பு சேர்ந்தது, நாலு மாதத்தில் எத்தனை மடங்கு. அவள் கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டு, "செரி மக்கா," என்றாள். அன்றிரவே அத்தானுக்கு எழுதினாள். "மூன்று மீன் இறந்துவிட்டது, நான்தான் தண்ணீர் பிசகி ஊற்றிவிட்டேன், மன்னிக்கவும்." என் பெயரோ உப்போ அதில் இல்லை. ஒன்று உயிரோடு இருக்கிறது என்று எழுதேன் என்றேன். ஒன்றை எழுதி என்ன, அவர் நாலு கொடுத்தார் என்றாள்.

சித்திரை பத்து வந்தது. அவர் வரவில்லை. கடிதமும் வரவில்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். அக்கா ஒவ்வொரு நாளும் மூன்று மீன் செத்த பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். அதைவிட உண்மை தேவலை என்று தோன்றியது. அப்பாவிடம் கேட்காமல், கொழும்பிலிருந்து திரும்பியவர் சொன்னதை அப்படியே சொன்னேன். எந்தத் தெரு, எத்தனை மாதமாக, யார் பார்த்தது. வரிசையாகச் சொன்னேன்.

அக்கா சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"தெரியுமா?"

"அங்க இருக்கும்போதே தெரியும். அவ வந்த பொறவுதான் என்னை அனுப்பினாரு."

"பொறவு எதுக்குக்கா காத்திருந்த?"

"மீனக் கொடுத்துவிட்டாருல்லா. வேண்டாம்னு நெனைக்கிறவன் எதுக்குப் பாத்துக்கோன்னு ஒண்ணக் கையில கொடுப்பான்? மீனு நாலும் இருந்திருந்தா வந்திருப்பாரு."

வந்திருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதைத் தராசில் நிறுத்துக் காட்ட வழியில்லை. மீன்கள் உயிரோடு இருந்து அவர் வராமல் போயிருந்தால் அவளே அதைப் பார்த்திருப்பாள். கசந்திருப்பாள், திட்டியிருப்பாள், ஒரு நாள் எழுந்து வேறு வேலையைப் பார்த்திருப்பாள். அந்த வழியை நான்தான் அடைத்தேன். இப்போது அவளுக்கு அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நாலாவது மீனை நான் எடுத்துக்கொண்டேன். ஒரேயடியாக நல்ல தண்ணீரில் விட்டால் தாங்காது என்று, தினம் எட்டில் ஒரு பங்கு எடுத்துவிட்டு அவ்வளவு கிணற்றுநீர் விட்டேன். ஒரு மாதம் ஆனது. ஒவ்வொரு வாரமும் ஓர் அவுன்ஸ் வற்றவைத்து நிறுத்தேன். மூன்றானது, ஒன்றானது, பிறகு தராசு அசையவில்லை.

அது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. இன்றைய நிலை இது. மீன் உயிரோடு இருக்கிறது. ஒரு பக்கக் கண் மங்கிவிட்டது. கிணற்றுநீரில்தான் இருக்கிறது, உப்பு போடுவதில்லை. தண்ணீரை வாரம் ஒரு முறை நான் மாற்றுகிறேன். அப்பா அளத்துக்குப் போகிறார். கொழும்பிலிருந்து கடிதம் இல்லை. அக்கா வீட்டு வேலைகளைச் செய்கிறாள், கேட்டால் பேசுகிறாள், தொட்டி இருக்கிற அறைக்குள் வருவதில்லை.